நாலு எழுத்தும் இருபத்தேழு நட்சத்திரமும்: கேள்வி பதில்

இன்று மதியம் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பத்து வருடம் கம்பெனிகளில் பயிற்சி கொடுத்தவள், இப்போது ஆலோசகர். யாருடைய குணத்துக்கு எப்படிப் பேசுவது என்று கேளுங்கள். ஜாதகமும் மருந்தும் என் துறை இல்லை.

ஓசூர்: ஆபீஸில் பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார்கள். எனக்கு ஐஎன்டிஜே, மேனேஜருக்கு ஈஎஸ்எஃப்பி. நேர் எதிர் என்கிறார் ஹெச்ஆர். அவரிடம் எப்படிப் பேசுவது, மேடம்?

இது எம்பிடிஐ என்ற டெஸ்ட். நாலு எழுத்து சேர்ந்தால் ஒரு வகை, மொத்தம் 16 வகை. இதை வைத்து நானும் சம்பாதித்திருக்கிறேன், அதனால் உள்கதை சொல்கிறேன். 1921-இல் கார்ல் யுங் என்ற சுவிஸ் உளவியலாளர் மனிதர்களை இன்ட்ரோவர்ட் (தனக்குள் ஒதுங்குபவர்), எக்ஸ்ட்ரோவர்ட் (வெளியே கலகலப்பாகப் பழகுபவர்) என்று பிரித்து எழுதினார். அதில் மயங்கியவர் கேத்ரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று பார்க்க, அவரும் மகள் இசபெல் மையர்ஸும் இந்தக் கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். டெஸ்ட் இவ்வளவு விறுவிறுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கோளாறு எங்கே என்றால், ஐந்தரை அடியில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர் நெட்டை, கீழே இருப்பவர் குட்டை என்பது போன்ற வேலை இது. முக்கால்வாசிப் பேர் கோட்டை ஒட்டித்தான் நிற்பார்கள். ஒரு மாதம் கழித்து அதே ஆள் எழுதினால் எழுத்து மாறலாம். ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று டெஸ்டை விற்கும் நிறுவனமே சொல்கிறது. ஆராய்ச்சியாளர்கள் வகை பிரிப்பதை விட்டுப் பல காலம் ஆகிறது. கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, பதற்றம், புதுமை நாட்டம் என்று ஐந்து அளவுகோல்கள் வைத்து, எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள்.

எழுத்தை விட்டுவிட்டு மேனேஜரைக் கவனியுங்கள். சிலர் பேசிப் பேசித்தான் யோசிப்பார்கள். அவர் வாயிலிருந்து முதலில் வருவதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வேலை பார்த்தால் காலையில் அவரே மாற்றிவிடுவார். "இது முடிவா சார், யோசனையா?" என்று அங்கேயே கேளுங்கள். நீங்கள் மௌனமாக யோசிப்பவர் என்றால், அந்த மௌனம் அவருக்கு முறைப்பாகத் தெரியும். "யோசிச்சு நாலு மணிக்குச் சொல்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். லேபிளை மட்டும் நெற்றியில் ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

ஈரோடு: இன்ட்ரோவர்ட் பையனுக்கு எந்த டைப் பெண் பொருந்தும்?

அவனைப் பிடித்த பெண்.

திருச்சி: நான் எக்ஸ்ட்ரோவர்ட். என் மனைவி பேசும்போது ஆர்வத்தில் நடுவே பேசிவிடுவேன். "என்னைப் பேசவே விடறதில்ல" என்று அழுகிறாள். அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதானே பேசுகிறேன்?

வந்ததிலேயே நல்ல கேள்வி. இது நீங்கள் எக்ஸ்ட்ரோவர்ட் என்பதால் மட்டும் வருவது இல்லை. 1978-இல் கலிபோர்னியாவில் ஒரு விருந்து. ஆறு பேர் சாப்பிட்டபடி பேசியதை டெபரா டானன் என்ற மொழியியலாளர் ஒலிப்பதிவு செய்து, வரி வரியாக ஆராய்ந்தார். அவரும் அந்த ஆறில் ஒருவர். நியூயார்க்கில் வளர்ந்த மூவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். அவர்களுக்கு அது ஈடுபாடு, "நான் உன்னோடதான் இருக்கேன்" என்று காட்டும் வழி. மற்ற மூவருக்கோ வாய் திறக்க இடைவெளியே கிடைக்கவில்லை. விருந்து பிரமாதம் என்று நினைத்தவர்களும், ஓரம்கட்டப்பட்டதாக உணர்ந்தவர்களும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

2009-இல் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார்கள். சராசரி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியர்கள் கிட்டத்தட்ட இடைவெளியே விடவில்லை, டேனிஷ்காரர்கள் அரை விநாடி எடுத்தார்கள். தமிழ் அந்தப் பத்தில் இல்லை. எங்கள் கல்யாண வீட்டுக் கூடத்தில் அளந்திருந்தால் கருவி உடைந்திருக்கும்.

உங்கள் மனைவி மூச்சு எடுக்க நிறுத்துவதை, முடித்துவிட்டார் என்று உங்கள் காது எடுத்துக்கொள்கிறது. அவர் நிறுத்தியதும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். பத்து நாள் பாருங்கள். அன்பு குறைவு என்றோ திமிர் என்றோ இரண்டு பேரும் பேசாதீர்கள், இது காதுப் பழக்கம்.

நாகர்கோவில்: விருந்தாளி வந்தால் என் ஐந்து வயது மகள் ரைம்ஸ் சொல்ல மாட்டேன் என்கிறாள். இன்ட்ரோவர்டா, அக்கா?

விருந்தாளியைப் பாடச் சொல்லிப் பாருங்களேன்! பேச ஆசை, ஆனால் பயம் என்றால் கூச்சம். பேசலாம், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும் என்றால் இன்ட்ரோவர்ட். ஐந்து வயதில் இரண்டில் ஒன்றை முடிவு கட்டாதீர்கள். முக்கியமாக, அவள் காதில் விழும்படி "இவ கூச்ச சுபாவம்" என்று சொல்லாதீர்கள். லேபிள்!

வேலூர்: இன்ட்ரோவர்டை மாற்ற முடியுமா?

எதற்கு?

தஞ்சாவூர்: இன்ட்ரோவர்ட் சேல்ஸ் வேலைக்குப் போகலாமா?

போகலாம். ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 340 கால் சென்டர் ஊழியர்களைப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் விற்றவர்கள் கலகலப்பில் நடுவாந்தரமானவர்கள். ரொம்பப் பேசுகிறவர்கள் வாடிக்கையாளரைப் பேச விடவில்லை போல. திருச்சிக்காரர் கவனிக்க.

மதுரை: வெள்ளைக்காரன் 16 வகை சொன்னால் அறிவியல். நம் முன்னோர் 27 நட்சத்திரம், நாலு பாதம், ஆக 108 வகை சொன்னால் மூடநம்பிக்கையா?

ஜாதகம் வேண்டாம் என்றேன். சரி, 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்கு டெஸ்ட் வைத்து, 'உன் குணம் இது' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்! கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

சேலம்: அப்போ உங்க நாலு எழுத்தும் அதே கதைதானே?

பெருமளவு அதேதான். நான் எப்போது மறுத்தேன்?

காரைக்குடி: ஜப்பானில் குணத்துக்கு ரத்த வகை பார்க்கிறார்களே?

ஆமாம், 1927-இல் ஃபுருகாவா என்ற ஜப்பானியப் பேராசிரியர் தொடங்கி வைத்தது. ஆதாரம் நிற்கவில்லை, ஆசை நிற்கிறது.

மதுரை: என் மருமகள் ஆயில்யம். அப்படியே பொருந்துகிறது மேடம்.

'ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது' என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால், அவள் காபி ஆற்றுவதும் பொருந்தும். அந்த ஒரு வரியாலும், மூலம் மாமனாருக்கு ஆகாது என்ற இன்னொரு வரியாலும் எத்தனை பெண்களுக்கு வரன் தட்டிப் போயிருக்கிறது! என் அக்கா மூலம். முப்பத்தைந்து வயதில்தான் கல்யாணம் ஆனது. மாமனார் தொண்ணூறு வயது வரை இருந்தார், கடைசிவரை அவள் கையால்தான் சாப்பிட்டார். அதனால் இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

மதுரை: கோபப்படுகிறீர்கள். நீங்கள் என்ன நட்சத்திரம்?

அடுத்த கேள்வி.

புதுக்கோட்டை: அப்பா இறந்து மூன்று மாதமாக அம்மா யாரிடமும் பேசுவதில்லை, சரியாகத் தூங்குவதும் இல்லை. திடீரென்று இன்ட்ரோவர்ட் ஆவார்களா?

இது குண விஷயம் இல்லை, தம்பி. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இன்றே கூப்பிடுங்கள்.

கரூர்: இன்ட்ரோவர்டை எக்ஸ்ட்ரோவர்டாக மாற்ற...

வேலூருக்குச் சொன்னதுதான்.

ராஜபாளையம்: நான் பட்டென்று பேசுகிறவன், என் டைப் அப்படி. புரிந்துகொள்ளாதவர்களை என்ன செய்வது?

உங்கள் எம்.டி.யிடமும் பட்டென்றுதான் பேசுகிறீர்களா? இல்லையென்றால் அது டைப் இல்லை, சலுகை.

திருச்சி: மேடம், இப்போதே முயன்று பார்த்தேன். அவள் நிறுத்தியதும் மூன்று எண்ணினேன். "ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்கிறாள்.

இரண்டு வரை எண்ணுங்கள்.