துருப்பிடித்து இறுகிய ஸ்க்ரூ: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: பழைய ஜப்பானிய பைக். இன்ஜின் கவரில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூ ஒவ்வொன்றாகத் தலை மழுங்குது. ஸ்க்ரூடிரைவர் மட்டமா அண்ணா?

பதில்: மட்டமில்லை தம்பி, அது வேற அளவுமுறை. அந்தக் காலத்து ஜப்பான் வண்டிகளில் வருவது ஜேஐஎஸ் ஸ்க்ரூ, அதாவது ஜப்பான் தொழில்தர அளவில் செய்தது. பார்வைக்கு பிலிப்ஸ் என்ற வழக்கமான ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், பல நேரம் தலையில் ஒரு குட்டிப் புள்ளி அடையாளம் காட்டும். பிலிப்ஸ் முனை அந்தக் குழிக்குள் கடைசிவரை இறங்காது, பலம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கி, நாலு மூலையையும் சுரண்டிவிட்டு வந்துவிடும். ஜேஐஎஸ் முனை ஒன்று வாங்குங்கள். அப்புறம் சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர், அடிக்கும்போதே முனையை உள்ளே அழுத்தியபடி திருப்பும், இந்த வேலைக்கு அதை மிஞ்சிய கருவி கிடையாது. அடிக்கும் முன் அது கழற்றும் பக்கம் திருப்பியிருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் ஆறு அடி அடித்து, இன்னும் நன்றாக இறுக்கி வைத்தேன்.

கேள்வி: டபிள்யூடி-40 அடித்துப் பத்து நிமிஷம் ஆச்சு, அசையவே இல்லையே?

பதில்: பத்து நிமிஷமா! அதன் பெயரிலேயே இருக்கிறது, டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், ஈரத்தை விரட்டத்தான் முதலில் செய்தார்கள். துருவுக்குள் ஊடுருவ என்றே தனி எண்ணெய் வருகிறது, அதை மாலையில் அடித்து, சுத்தியலால் ஸ்க்ரூ தலையில் நேராகச் சின்னச் சின்னத் தட்டு தட்டி, மறுபடி அடித்து, ராத்திரி முழுக்க விடுங்கள். இரும்பு துருவாக மாறும்போது கூடுதல் இடம் பிடிக்கும், அதனால் மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிக் கிடக்கும். தட்டினால்தான் அது விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். காலையில் முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். அசைந்தால் போதும், கால் சுற்று கழற்றுங்கள், கொஞ்சம் திரும்ப இறுக்குங்கள், மறுபடி எண்ணெய். ஒரே மூச்சில் கழற்றப் போனால் பாதியில் முறியும்.

கேள்வி: சூடு காட்டலாமா சார்?

பதில்: தாராளமாக, ஆனால் எதைச் சூடாக்குகிறோம் என்பதில்தான் விஷயம். அலுமினியக் கவரில் எஃகு ஸ்க்ரூ என்றால், ஸ்க்ரூவை விட்டுவிட்டு சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். எஃகைவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை தளரும். ஹாட் ஏர் கன் போதும். பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர் பக்கம் நெருப்பு வேண்டவே வேண்டாம், அடித்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போட்ட இடத்தில் வெல்டிங், டார்ச் எதுவும் கூடாது, பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

கேள்வி: தலை முழுசா மழுங்கிப் போச்சு. ஈஸி அவுட் வாங்கட்டுமா?

பதில்: அது கடைசி. ஸ்க்ரூவில் துளை போட்டு, அதற்குள் செலுத்தித் திருப்பி எடுக்கும் கருவி அது. ரொம்பக் கடினமான எஃகு, உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. முதலில் ஸ்க்ரூடிரைவர் முனையில் கொஞ்சம் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட், அந்தக் கரகரப்பான பசையைத் தடவிப் பாருங்கள், வழுக்காது. இல்லையா, ஆக்ஸா பிளேடால் தலையில் ஒரு கோடு அறுத்து பட்டை ஸ்க்ரூடிரைவர் போடலாம். அதுவும் முடியாவிட்டால் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம். தலை போனதும் இழுவிசை போய்விடும், கவர் கையோடு வரும், நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ் கிரிப் என்ற பூட்டும் இடுக்கியால் பிடித்தால் பல நேரம் சும்மா சுழன்று வரும்.

கேள்வி: யமஹா வலதுபக்கக் கண்ணாடி, எவ்வளவு பலம் போட்டும் வரல.

பதில்: யமஹாவில் பல மாடல்களில் அந்தப் பக்கம் இடது மரை. எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

கேள்வி: திரும்ப மாட்டும்போது?

பதில்: பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆலன் போல்ட் போடுங்கள், மரையில் ஆன்டி சீஸ், அதாவது மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை, கொஞ்சம். வழுக்கும் மரை சீக்கிரம் இறுகும், அதனால் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க், அதாவது இறுக்கும் திருப்புவிசை அளவைவிடச் சற்றுக் குறைத்தே இறுக்குங்கள், அலுமினிய மரை தாங்காது.