பேட்டன்ட் வக்கீலிடம் கேளுங்கள்

கடலூர் சிப்காட்டில் எட்டு வருஷம் பம்ப் பராமரிப்பு பார்த்தேன். பிறகு சட்டம் படித்து, இப்போது புதுச்சேரியிலிருந்து பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக் காப்புரிமை வழக்கு நடத்துகிறேன். கேளுங்கள்.

நெய்வேலி: மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் கறுப்புக் கோட்டு, மேடம்?

கசிகிற பம்ப்பைப் பிரித்தால் காரணம் கையில் தட்டுப்படும். பேட்டன்ட்டில் ‘கிளெயிம்’ என்ற பகுதிதான் உரிமையின் எல்லைக்கல். அதை டிராயிங் மாதிரி வாசிக்க வரும், அவ்வளவுதான். நீங்களும் வரப்போகிறீர்களா? மூன்று வருஷ எல்.எல்.பி., பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. பேட்டன்ட் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வுக்கு அறிவியல் அல்லது எஞ்சினியரிங் பட்டம் போதும். ஆனால் அதை வைத்துக் கோர்ட்டில் வாதாட முடியாது. பொறுமையும் வேண்டும். பஜாஜ்–டிவிஎஸ் இரட்டை ஸ்பார்க் பிளக் சண்டை 2007ல் தொடங்கி 2019ல் சமரசத்தில் முடிந்தது.

பண்ருட்டி: முந்திரி உடைக்கும் மெஷின் செய்தேன். போன வருஷம் கல்லூரிக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. பேட்டன்ட் போடலாமா?

பரிசு வாங்கிய அன்றே கோட்டை விட்டீர்கள், தம்பி. ஊருக்குக் காட்டிய பொருள் சட்டத்துக்குப் புதுசில்லை. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்குத்தான் 12 மாத விலக்கு. முதலில் தாக்கல், பிறகுதான் தம்பட்டம்! அதற்குப் பிறகு பிளேடிலோ பிடியிலோ ஏதாவது மாற்றினீர்களா? அந்த மாற்றம் வெறும் ஒட்டுவேலையாக இல்லாவிட்டால் வழி உண்டு. புரொவிஷனல், அதாவது முதற்கட்டத் தாக்கலுக்குத் தனிநபர் கட்டணம் ஆன்லைனில் 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். எனக்கு ஃபீஸ் வேண்டாம். டிராயிங்கோடு வாருங்கள். அதுவரை யாருக்கும் காட்டாதீர்கள்.

முதலியார்பேட்டை: ஐடியா மட்டும் இருக்கு. கிடைக்குமா?

கிடைக்காது. எப்படி வேலை செய்யும் என்று எழுத வேண்டும்.

கடலூர் முதுநகர்: ஆப் ஐடியா மேடம்...

மேலே சொன்ன பதிலையே படியுங்கள்.

வில்லியனூர்: எங்கள் சுடுமண் பொம்மைக்கு?

அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது வேறு சட்டம்.

காரைக்கால்: மருந்து பேட்டன்ட்டை எதிர்க்க நோயாளிகளுக்கு இலவசமாக எழுதிக் கொடுக்கிறீர்களாம். கண்டுபிடித்தவன் வயிற்றில் அடிக்கலாமா?

கண்டுபிடித்தவனுக்கு 20 வருஷம் சட்டமே கொடுக்கிறது. பழைய மருந்தின் உப்பையோ படிகத்தையோ மாற்றி இன்னொரு 20 கேட்டால்தான் பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(டி) குறுக்கே நிற்கும். ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக் அப்படித்தான் வந்தது. 2006 ஜனவரியில் நிராகரித்தது நம் சென்னை பேட்டன்ட் அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. மாதம் லட்சத்துக்கு மேல் விற்றது, உள்ளூர்த் தயாரிப்பில் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. பேட்டன்ட் தருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். நோயாளிக்கு ஆள் இல்லை, நான் எழுதுகிறேன்.

காரைக்கால்: அப்போ ஆராய்ச்சிச் செலவு?

நியாயமான கேள்வி. நிஜமான புது மூலக்கூறு என்றால் உங்கள் பக்கம் நின்று வாதாடுவேன்; அதற்கு ஃபீஸ் உண்டு.

லாஸ்பேட்டை: கம்பெனிக் காசில் பாவம் கழுவுகிறீர்கள்!

கழுவினால் போகுமென்றால் சரி. அடுத்தவர்.

திருப்பாதிரிப்புலியூர்: பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பிவிட்டார், அக்கா.

என் துறை இல்லை. சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

அரியாங்குப்பம்: மீன் வலை சுற்றும் கருவி. யூடியூபில் போட்டேன், வியூஸ் அள்ளுது. இப்போ பேட்டன்ட்...

உள்பாகத்தைக் காட்டினீர்களா, வெளிப்பெட்டி மட்டுமா? லிங்க் அனுப்புங்கள். பார்த்துவிட்டுத் திட்டுகிறேன்.