9-7 முன்னிலையில் கை இறுகுவது ஏன்?

கேள்வி: டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். பயிற்சியில் சுலபமாக ஜெயிக்கும் அதே ஆளிடம் போட்டியில் தோற்றுவிடுகிறேன். 11 பாயிண்ட் கேமில் 9-7 என்று முன்னால் இருக்கும்போதுதான் கை இறுகுகிறது. அடிக்க வேண்டிய பந்தையும் புஷ் செய்து, அதாவது மெல்லத் தள்ளி விட்டுவிடுகிறேன். நேர்முகத் தேர்விலும் தெரிந்த பதில் வாயில் வருவதில்லை. மனவலிமையை வளர்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பயிற்சி முறையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

நன்றாகப் பழகிய அடி தானாகவே ஓடும். தோற்றுவிடுவோமோ என்ற எண்ணம் வந்ததும் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, மட்டை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்காணிக்கத் தொடங்குகிறீர்கள். அங்கேதான் அடி உடைகிறது. 1992-இல் ஆய்வாளர் ரிச் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பந்தை வைத்துச் செய்த சோதனையிலும், நுட்ப விதிகளை அடுக்கிக் கற்றவர்களைவிட அப்படி விதிகள் இல்லாமல் பழகியவர்களே அழுத்தத்தை நன்றாகத் தாங்கினார்கள். எனவே போட்டியில் "முழங்கையைத் தாழ்த்து" போன்ற கட்டளைகள் வேண்டாம். "பேக்ஹேண்ட் மூலை" (எதிராளி புறங்கையால் அடிக்கும் பக்கம்) என்பதுபோல் பந்து போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்.

அடுத்து, உங்கள் பயிற்சியில் தோற்றால் எதுவும் போவதில்லை. அதனால் பதற்றத்தோடு ஆடிப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட டார்ட் எறியும் சோதனையில், லேசான பதற்றத்தோடு பயிற்சி செய்தவர்கள், அதைவிடக் கூடுதலான பதற்றத்திலும் தடுமாறவில்லை. இதை மேசைக்குக் கொண்டுவருவது எளிது. வாரம் இரண்டு நாள், பயிற்சியின் கடைசி 20 நிமிடம், உடல் களைத்திருக்கும்போது, ஒவ்வொரு கேமையும் 8-9 என்று பின்தங்கிய நிலையில் தொடங்குங்கள். தோற்றவர் எல்லாப் பந்துகளையும் பொறுக்க வேண்டும். அடுத்த வாரம் 9-7 முன்னிலையிலிருந்து. அதற்கடுத்த வாரம் நான்கு பேர் நின்று பார்க்க, ஒருவர் ஃபோனில் படம் பிடிக்க. பாதிக்குப் பாதியாவது ஜெயிக்கும் அளவில் எதிராளியைத் தேர்ந்தெடுங்கள். தினமும் தோற்றுக்கொண்டே இருந்தால் பழகுவது தோல்விதான். போட்டிக்கு முந்தைய மூன்று நாள் இதை நிறுத்திவிட்டு இலகுவாக ஆடுங்கள்.

மூன்றாவது, பாயிண்டுகளுக்கு இடையிலான அந்தச் சில நொடிகள். பாயிண்ட் முடிந்ததும் மேசைக்கு முதுகு காட்டி இரண்டடி நடங்கள். மட்டையைப் பிடித்த விரல்களைத் தளர்த்துங்கள். முழு இறுக்கம் 10 என்றால் 3 அல்லது 4 போதும். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். (பதற்றத்தில் வேகவேகமாக ஆழமாக மூச்சு வாங்குபவர்கள் உண்டு. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும். ஒரு மூச்சே போதும்.) பிறகு எந்த சர்வீஸ், மூன்றாவது பந்து (சர்வீஸை எதிராளி திருப்பியதும் நீங்கள் அடிப்பது) எங்கே என்று முடிவெடுத்துத் திரும்புங்கள்.

பலரும் கோட்டைவிடுவது இதில்தான்: இந்த ஒழுங்கை 9-9-இல் மட்டும் செய்வார்கள். அப்போது அதுவே "ஆபத்து வந்துவிட்டது" என்று உடலுக்கு அடிக்கும் மணியாகிவிடும். 0-0-இலிருந்தே, ஜெயித்த பாயிண்டுக்கும் தோற்ற பாயிண்டுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். துண்டால் துடைத்துக்கொள்ள ஒவ்வொரு 6 பாயிண்டுக்கும் விதியே அனுமதிக்கிறது, அதையும் விடாதீர்கள்.

முன்னிலையில் புஷ் செய்யத் தூண்டுவது, இருப்பதைக் காப்பாற்றும் ஆசை. அதற்கு முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: "எனக்கு 9 வந்தால், என் சர்வீஸில் மூன்றாவது பந்தை டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழலும் தாக்குதல் அடி) அடிப்பேன்." அந்த சர்வீஸ் அன்றைக்கே மூன்று நான்கு முறை பலித்ததாக இருக்கட்டும். சிறந்த சர்வீஸைக் கடைசிக்கு ஒளித்துவைப்பது கெட்டிக்காரத்தனம் என்பார்கள். அன்று ஒருமுறைகூடப் போடாத சர்வீஸை 9-9-இல் நம்புவது சூதாட்டம் என்பேன். பல கேம்கள் கொண்ட முழு ஆட்டத்துக்கும் ஒரே ஒரு டைம்-அவுட், அதுவும் ஒரு நிமிடம். கேம் கைவிட்டுப் போன பிறகு கேட்பதைவிட, 9-7 என்பது 9-8 ஆகும்போதே கேளுங்கள்.

நேர்முகத் தேர்வில் சிக்கல் வேறு. அங்கே கவலையே நினைவின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பதில்களை மனப்பாடம் செய்தால் ஒரு சொல் நழுவியதும் எல்லாம் சரியும். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்து, மற்றவற்றை மூன்று குறிப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குறுக்கிடச் சொல்லி ஒருவரை உட்காரவைத்து, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். "பதறாதே" என்று சொல்லிக்கொள்வதும் பெரிதாகப் பலிக்காது. ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சிலும் கணக்கிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அடக்க முயலாமல் அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரே ஒரு எண்ணைக் குறித்துவையுங்கள்: பத்துப் பாயிண்டில் எத்தனைக்கு அந்த ஒழுங்கைச் செய்தீர்கள்? முதலில் ஏற வேண்டியது இதுதான், வெற்றிக் கணக்கு பிறகு வரும். இரண்டு மாதமாவது கொடுங்கள். வலியோடு ஆடுவதும் தூக்கத்தைக் குறைப்பதும் இந்தப் பயிற்சியில் சேராது. போட்டி இல்லாத நாட்களிலும் நெஞ்சு படபடத்தாலோ, வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பாருங்கள்.