இறந்துபோன வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் அவரே ஜெயிக்கலாம். மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான் 2000 அக்டோபர் 16 அன்று விமான விபத்தில் இறந்தார். அவர் போட்டியிட்ட செனட் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) தேர்தலுக்கு மூன்றே வாரம். வாக்குச்சீட்டில் பெயரை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. கார்னஹான் ஜெயித்தால் அந்த இடத்துக்கு அவர் மனைவி ஜீனை நியமிப்பதாகப் புதிய ஆளுநர் முன்பே சொல்லிவிட்டார். மக்கள் தெரிந்தேதான் ஓட்டுக் குத்தினார்கள்; கார்னஹான் ஜெயித்தார், ஜீன் செனட்டர் ஆனார். அப்புறம் அந்த இடத்துக்கான சிறப்புத் தேர்தலை (இடைத்தேர்தல்) 2002 நவம்பரில் பொதுத்தேர்தலோடு சேர்த்தே வைத்ததால் தனிச் செலவு பெரிதாக இல்லை.

பென்சில்வேனியாவில் கதை வேறு. 2022 அக்டோபரில் மறைந்த டோனி டெலூக்கா மாநில அவைக்கு மீண்டும் தேர்வானார். அந்த இடத்துக்குச் சிறப்புத் தேர்தல் வைக்க 2023 பிப்ரவரியில் திரும்ப வாக்குச்சாவடி, ஊழியர் சம்பளம், சீட்டு அச்சடிப்பு எல்லாம். பக்கத்துத் தொகுதிகள் இரண்டுக்கும் அன்றே தேர்தல் என்பதுதான் கொஞ்சம் ஆறுதல்.