ராஜினாமா கேட்கிறார்கள், எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: பதினோரு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள். "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம், இல்லையென்றால் டெர்மினேஷன். நாளைக்குள் சொல்லுங்கள்" என்கிறார் ஹெச்.ஆர். அதிகாரி. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். அவகாசம் கேளுங்கள், அதையும் மின்னஞ்சலில் கேளுங்கள்.

இந்த வழக்கத்தைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆளைக் குறைப்பது கம்பெனி, காகிதத்தில் மட்டும் நீங்களாகப் போனதாக இருக்க வேண்டும். அந்த ஒரு வரியில் நிறையப் பணம் அடங்கியிருக்கிறது. ஆட்குறைப்பு என்றால், சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தனி. உங்கள் பதினோரு வருடத்துக்கு நஷ்டஈடே ஏறக்குறைய ஐந்தரை மாதச் சம்பளம். ராஜினாமா என்றால் அது கிடையாது. அவர்கள் நீட்டும் இரண்டு மாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலாளர் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த நஷ்டஈடு வராது. அப்படியிருந்தாலும் அவசரமாகக் கையெழுத்துப் போடக் காரணம் இல்லை, பேரம் பேச இடம் இருக்கிறது.

இன்னொன்று. கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடையையும் உள்ளே சேர்த்து ஒரு பெரிய தொகையைக் காட்டி 'செட்டில்மென்ட்' என்பார்கள். ஐந்து வருடம் தாண்டியவருக்கு, ராஜினாமா செய்தாலும், கிராஜுவிட்டி உரிமை. 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. அதைத் தனியாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மிரட்டி ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தால், கட்டாயத்தால் எழுதியது என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, தொழிலாளர் அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் எங்களை ஆட்குறைப்பு செய்துவிட்டார்கள். மாதம் 17,000 சம்பளம், நாலு வருடமாக இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்கள். அதில் ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். பலருக்கு இது தெரியாமலே போய்விடுவதுதான் வருத்தம். இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முதலில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவைக் கேளுங்கள். தொழிற்சாலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றுக்கானது. முதல் 12 மாதம் தினச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு, அதோடு இஎஸ்ஐ மருத்துவமும். அதற்குத் தகுதி அமையாவிட்டால் 2018இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா: அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே முறை. தொடங்கியபோது கால் பங்காக இருந்த தொகையை 2020இல் பாதியாக உயர்த்தினார்கள். உங்கள் சம்பளத்துக்குப் பாதி என்றால் மொத்தம் சுமார் 25,500 ரூபாய். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இது இல்லை. ஆகவே 'ஆட்குறைப்பு' என்று எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: என் பிஎஃப் பணத்தை எடுத்துத் தர ஒருவர் பத்து சதவீதம் கேட்கிறார். ஆதார் ஓடிபியும் சொல்லிவிட்டேன். நம்பலாமா?

பதில்: ஓடிபியைச் சொல்லிவிட்டு நம்பலாமா என்று கேட்கிறீர்கள்! உடனே யுஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்குக்கான எண்) கடவுச்சொல்லை மாற்றுங்கள், வங்கிக் கணக்கு விவரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிஎஃப் கோரிக்கைக்குக் கட்டணமே கிடையாது. கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியவில்லை என்பதுதான் சிக்கல் என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே இணையதளத்தில் பதியலாம். அப்புறம், ஐந்து வருடச் சேவை முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 10% வரி பிடிப்பார்கள். பான் இணைக்காவிட்டால் இன்னும் அதிகம்.

கேள்வி: வீட்டுக் கடனோடு 'வேலை இழப்புக் காப்பீடு' வாங்கினேன். மேலாளரோடு சண்டை போட்டு வேலையை விட்டேன். தவணை கட்ட மறுக்கிறார்கள். நியாயமா?

பதில்: நீங்களாக விட்ட வேலைக்கு இந்தக் காப்பீடு பணம் தராது. பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியை வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டும். ஆனால் விற்பவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. எனக்கும் ஒரு வங்கியில், இது இல்லாமல் கடன் வராது என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். அப்படி ஒரு கட்டாயமே இல்லை. உங்களிடமும் அப்படிச் சொல்லி விற்றிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குச் செலவு இல்லை.

கேள்வி: போன மாதம் வேலை போனது. பட்டதாரி. தமிழக அரசின் 600 ரூபாய் உதவித்தொகை எனக்கு உண்டா?

பதில்: இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்கானது அது.