பேனலே நிலக்கரியில் செய்ததுதானே?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் சொந்த வீடு. மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்கிறான் மகன். "சைனாவில் நிலக்கரியை எரித்துச் செய்த பேனல், இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?" என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: வீட்டுக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார். மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதிலுள்ள செல்லும் (வெயிலைக் கரன்ட் ஆக்கும் சிறு துண்டு) உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். செல்லுக்கு அடிப்படையான சிலிக்கான் வில்லை மட்டும் பெரும்பாலும் சைனாவிலிருந்துதான் வருகிறது. சிலிக்கானை உருக்க எக்கச்சக்கமாகக் கரன்ட் பிடிக்கும். அங்கே அது பாதிக்கு மேல் நிலக்கரிக் கரன்ட். புகை அவர்களுக்கு, வெளிச்சம் நமக்கு. சரி, இந்தப் புகைக் கடன் எப்போது அடையும்? நம் வெயிலில் ஒன்றிரண்டு வருடம் போதும். பேனலோ 25 வருடம் உழைக்கும்.

இங்கே 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மூன்றுக்கு வருடம் நாலாயிரத்துச் சொச்சம். நம் கிரிட்டில் (நாட்டின் பொது மின்தொகுப்பில்) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக, வருடத்துக்கு 3 டன் மிச்சம். இதே பேனலை நார்வேயில் மாட்டினால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அங்கே ஏற்கெனவே நீர்மின்சாரம்தான். அந்தந்த நாட்டில் சோலார் எதை ஓரங்கட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டன் 2024 செப்டம்பரில் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. நாம் 2025-ல் நிறுவுதிறனில் (மின்நிலையங்களால் அதிகபட்சம் தர முடிந்த அளவில்) பாதியை நிலக்கரி, எரிவாயு அல்லாதவற்றுக்கு மாற்றிவிட்டோம் என்று செய்தி வந்தது. உண்மைதான், ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு அப்போதும் நிலக்கரிதான். பொழுது சாய்ந்தால் நம் கர்நாடகத்தின் பாவகடா சோலார் பூங்காவின் 2,050 மெகாவாட்டும் படுத்துவிடும், ராய்ச்சூர் அனல்மின் நிலையம்தான் கைகொடுக்கும். (பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கர். நிலம் உள்ளவர்களுக்குக் குத்தகைப் பணம் வருகிறது, அதில் கூலி வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. இதையும் சுற்றுச்சூழல் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பேன்.)

அதனால் மகன் சொல்கிறபடி போடுங்கள். போட்ட பிறகு சம்ப் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி எல்லாவற்றையும் காலை 11-லிருந்து 2 மணிக்குள் ஓட்டிவிடுங்கள். சாயங்காலம் 7 மணிக்கு மோட்டார் போட்டால் அது நிலக்கரித் தண்ணீர். அப்புறம், பேனலில் படியும் தூசியைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெயில் ஏறுமுன் கழுவுங்கள். ஒரு பக்கெட் தண்ணீர் போதும்.