ஆழ்மனச் சாய்வை அளக்கும் இணையத் தேர்வுகளை எவ்வளவு நம்பலாம்?

நாம் அறியாமலே ஒரு பிரிவினர்மீது நமக்குள் இருக்கும் விருப்பு வெறுப்புதான் ஆழ்மனச் சாய்வு. 1998-இல் உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட தேர்வுதான் இதற்குப் பிரபலம். திரையில் வரும் முகங்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் விசையழுத்தி வகைபிரிக்க வேண்டும். ஒரு பிரிவினரின் முகத்தை நல்ல சொல்லோடா, கெட்ட சொல்லோடா, எந்த இணையாக விரைவாகச் சேர்க்கிறோம் என்று மில்லிநொடியில் அளக்கிறார்கள்.

சிக்கலே அங்குதான். களைப்பு, கவனச்சிதறல், முன்பழக்கம், எந்த இணை முதலில் வந்தது என எல்லாமே வேகத்தை மாற்றும். அதே ஆள் மறுபடி செய்தால் இரு மதிப்பெண்களுக்கும் உள்ள பொருத்தம் சுமார் 0.5 தான் (முழுப் பொருத்தம் என்றால் 1). மாடியேறி வந்த மூச்சிரைப்போடு ஒரே ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து மருந்து எழுதலாமா? ஆயிரக்கணக்கானோரின் சராசரியைப் பார்க்க இது உதவும்; இதை வைத்து ஒருவருக்கு வேலை மறுப்பது அநியாயம்.

'வலுவான சாய்வு' என்று வந்தால் நீங்கள் பாகுபாடு காட்டுபவர் என்று பொருளல்ல; அந்த மதிப்பெண்ணுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது.